பெயருக்குப் பின்னால் ஒரு வீடு

எங்கள் குடும்பப் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. முன்பெல்லாம் யாராவது கேட்டால் எழுத்து எழுத்தாகச் சொல்லிக் கொடுப்பேன். கேட்காதவர்களுக்கும் வலியப் போய்ச் சொல்லியிருக்கிறேன். இப்போது சொல்ல நாக்கு கூசுகிறது. நடுவில் ஒரு ழகரம் உள்ள பெயர் என்பது மட்டும் தெரிந்தால் போதும்.

அந்த ஒரு எழுத்து டில்லியில் பட்ட பாடு கொஞ்சமல்ல. அப்பாவின் சர்வீஸ் புக்கில் அது லகரமாக இருந்தது. ரேஷன் கார்டில் டகரம். என் பள்ளிச் சான்றிதழில் அந்த எழுத்தே இல்லை. எழுதிய மாஸ்டர்ஜி எதற்கு வம்பு என்று தாண்டிக் குதித்துவிட்டார். என் மகளின் பாஸ்போர்ட்டில் ஆங்கில எழுத்துகள் ஒழுங்காகத்தான் இருக்கின்றன, ஆனால் படிக்கிற எல்லோரும் ஜகரமாகப் படிக்கிறார்கள். மூன்று தலைமுறைக்கு நாலு பெயர். நாங்கள் எல்லோரும் ஒரே வீட்டு ஆட்கள்தான் என்று ஒவ்வொரு அலுவலகத்திலும் அஃபிடவிட் எழுதிக் கொடுத்தே என் பாதி ஆயுள் போயிற்று.

தமிழ்நாட்டில் பெரும்பாலானவர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது; இனிஷியலோடு சரி. டில்லிக்கு வந்தவர்கள், படிவத்தில் அந்தக் கட்டத்தை எதையாவது போட்டு நிரப்ப வேண்டுமே என்று அப்பா பெயரையோ ஊர்ப் பெயரையோ பின்னால் மாட்டிக்கொண்டார்கள். கரோல் பாகில் நாங்கள் இருந்த ஒற்றை அறையைச் சுற்றி இருந்த தமிழ்க் குடும்பங்கள் எல்லாம் அப்படித்தான். எங்களுடையது மட்டும் அப்பா பெயரும் இல்லை, ஊர்ப் பெயரும் இல்லை. அது எப்படி வந்தது என்று கேட்டால் அப்பா ஒரே ஒரு கதைதான் சொல்வார்.

அவர் கட்டட வேலைக்கு ஆள் சேர்த்தவரோடு தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து ரயிலேறி வந்தவர். இரண்டு வருஷம் செங்கல் சுமந்த பிறகு, ஒரு அமைச்சகத்தில் பியூன் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு வரிசையில் போய் நின்றார். மேஜைக்குப் பின்னால் இருந்த பாபு பெயரைக் கேட்டார். அப்பா சொன்னார். பாபு அதோடு விடவில்லை, "ஆகே?" என்றார். மேலே என்ன என்று கேட்கிறார். அப்பாவுக்கு அப்போது ஹிந்தி அரைகுறை. பின்னால் நின்ற மதுரைக்காரர் ஒருவர், "ஒங்க ஊர்ல ஒம் பேரோட என்ன சேத்துச் சொல்லுவாங்கெ? அதக் கேக்கறான், சொல்லுப்பா" என்றார். அப்பா சொன்னார். பாபு எழுதிக்கொண்டார். "அவ்ளதான். பேரு கெடச்சிது, வேலையும் கெடச்சிது" என்று முடிப்பார். இந்த இடத்தில் எப்போதும் சிரிப்பார். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

இதற்கு மேல் ஒரு வார்த்தை வாங்க முடியாது. ஊருக்குப் போகலாமா என்றால், "அங்க யார் இருக்கா?" என்பார். அம்மா எனக்கு ஆறு வயதிலேயே போய்விட்டதால் கேட்க வேறு ஆளும் இல்லை. பள்ளிப் படிவத்தில் சாதி கேட்டிருந்தபோது, "இந்தியன்னு எழுது" என்றார். எனக்கு அப்போது பதினான்கு வயது. அப்பா பெரிய கொள்கைக்காரர் என்று நினைத்தேன். நண்பர்களிடம் பீற்றிக்கொண்டேன். பிற்பாடு எந்தச் சான்றிதழும் வாங்காமல், எந்தச் சலுகையும் கேட்காமல் பரீட்சை எழுதி நானும் மத்திய அரசில் குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். எங்களுக்கு ஏதாவது சலுகை உண்டா என்று அவரிடம் கேட்கக்கூடத் தோன்றவில்லை.

சேர்ந்த புதிதில்தான் அது நடந்தது. தஞ்சாவூர்ப் பக்கத்து அதிகாரி ஒருவர் என் ஃபைல் குறிப்பில் கையெழுத்துக்குக் கீழே இருந்த பெயரைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "இந்தப் பேரா? பெரிய பண்ணைக் குடும்பமாச்சே. ஆத்தங்கரையோட அத்தனை நிலமும் அவங்களுதுதான்னு சொல்வாங்க" என்றார். அதுவரை என்னை நிற்க வைத்துப் பேசியவர், உட்காரச் சொன்னார். எனக்குத் தலைகால் புரியவில்லை. சாயங்காலம் வீட்டுக்கு ஓடி அப்பாவிடம் சொன்னேன். அவர் மறுநாள் போட வேண்டிய காக்கிச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். "அப்டியா சொன்னாரு" என்று கேட்டார். பிறகு காலரைத் திருப்பிப் போட்டு இஸ்திரியை அழுத்தினார். சொத்தையெல்லாம் பங்காளிகளிடம் பறிகொடுத்துவிட்டு வந்த மனிதர், பழசைக் கிளற விரும்பவில்லை என்று நானே ஒரு கதை கட்டிக்கொண்டேன். பியூனாக இருந்து ரெக்கார்டு அறையில் ஓய்வு பெற்ற அவரை, ஜமீனை இழந்த மனிதராகப் பார்ப்பது எனக்குச் சௌகரியமாக இருந்தது.

அந்தக் கட்டுக்கதையை நான் முப்பது வருஷத்துக்கு மேல் விற்றேன். அலுவலகத்தில் காதலித்து ரிஜிஸ்தர் கல்யாணம் செய்துகொண்ட என் தெலுங்கு மனைவியிடம் சொன்னேன். மகளுக்குச் சின்ன வயதில் சோறு ஊட்டும்போது சொன்னேன். மனைவி இறந்து, அப்பாவும் இறந்து, மகள் ஒரு பஞ்சாபிப் பையனைக் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறேன் என்று வந்தபோது, அவன் வீட்டாரிடமும் சொன்னேன். மாப்பிள்ளையின் அம்மா, "அச்சா, ஜமீன்தார் லோக்" என்று தன் நாத்தனாரைப் பார்த்தார். அந்தப் பார்வைக்காகவே இன்னொரு தடவை சொல்லலாம் போல இருந்தது.

வினை போன வருஷம் வந்தது. மகளுக்கு ஏழாம் மாதம். குழந்தைக்கு இரண்டு வீட்டுப் பெயரையும் சேர்த்து வைக்க வேண்டும் என்பது அவள் பிடிவாதம். மாப்பிள்ளைக்கு ஆட்சேபம் இல்லை. சம்பந்தியம்மாவுக்கு இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மயூர் விஹாரில் என் வீட்டுக்குச் சாப்பிட வந்தபோது பேச்சை எடுத்தார். அவர்கள் குடும்பத்துக்கு ஹரித்வாரில் ஒரு பண்டா, தீர்த்தக்கரைப் புரோகிதர், இருக்கிறார். யார் பிறந்தார்கள், யார் இறந்தார்கள், யார் யாரைக் கட்டினார்கள் என்று தலைமுறை தலைமுறையாகப் பெரிய பெரிய நீள நோட்டுகளில் எழுதி வைத்திருக்கிறார். சம்பந்தியம்மா மாமனார் சாம்பலைக் கரைக்கப் போனபோது அவரே கண்ணால் பார்த்திருக்கிறார், பாகிஸ்தானில் விட்டுவந்த கிராமத்துக் கிணறு வரை எழுதியிருக்கிறதாம். "ஹமாரா தோ ஸப் லிகா ஹுவா ஹை, பாயி சாப்" என்றார். எங்களுடையதெல்லாம் எழுதி வைத்திருக்கிறது என்று அர்த்தம். உங்களுடையது எங்கே என்று அவர் கேட்கவில்லை. அப்பளத்தை உடைத்து வாயில் போட்டுக்கொண்டார்.

அவர்கள் போன பிறகு மகள் சமையலறையில் என்னைப் பிடித்துக்கொண்டாள். "அப்பா, ஒரு ஃபேமிலி ட்ரீ வேணும். ஏழு தலைமுறை வேண்டாம், நாலு இருந்தாக்கூட போதும். பேபி பொறக்கறதுக்குள்ள. நான் ப்ரூஃப் காட்டினா அவங்க வாயைத் திறக்க மாட்டாங்க. ப்ளீஸ், ஜல்தி பண்ணுங்க" என்றாள். குழந்தையின் பெயரில் என் பெயரும் இருக்க வேண்டும் என்று ஒரு பெண் சண்டை போடுகிறாள். எந்த அப்பனுக்குத்தான் நெஞ்சு நிறையாது? மறுநாளே பழைய டிரங்குப் பெட்டியைக் கீழே இறக்கினேன்.

ஓய்வு பெற்ற செக்ஷன் ஆபீசருக்குத் தேடுவது ஒன்றும் புதிதில்லை. ஒரு ஃபைலைத் திறந்தேன். அப்பாவின் சர்வீஸ் புக் நகலிலிருந்து ஊர்ப் பெயரையும் தாத்தாவின் பெயரையும் எடுத்து முதல் தாளில் எழுதினேன். லகரத்துக்கு ஒரு தாள், டகரத்துக்கு ஒரு தாள், ஜகரத்துக்கு ஒரு தாள் என்று பிரித்து, இணையத்தில் குடும்ப மரம் போடும் தளங்களில் ஒவ்வொன்றாகப் போட்டுத் தேடினேன். டகரம் என்னை ராஜஸ்தானில் ஒரு மார்பிள் வியாபாரியிடம் கொண்டுபோய்விட்டது. அவர் மூன்று நாள் காலை வணக்கப் பூக்கள் அனுப்பிவிட்டுத் தரைக்கு மார்பிள் வேண்டுமா என்று கேட்டார். லகரத்தில் மலேசியாவில் ஒருவர் கிடைத்தார். நாலு கடிதம் எழுதியும் பதிலில்லை. சரியான ழகரத்தோடு ஏழெட்டுப் பேர் இருந்தார்கள், எல்லோரும் ஒரே வேர். அவர்களில் மூத்தவர் டில்லியிலேயே இருந்தார். முனிர்காவில், டிடிஏ ஃப்ளாட்டில். நான் இருக்கும் இடத்திலிருந்து இரண்டு மெட்ரோ மாறினால் போதும். இத்தனை வருஷம் ஒரே ஊரில் இருந்தும் தெரியாமல் போயிற்றே என்று எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இப்போது நினைத்தால் கன்னத்தில் அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

ஃபோனில் பேசினேன். பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர், எண்பதைத் தாண்டியவர். பெயரைச் சொன்னதும், "அடடே, நம்ம ஆளா? எந்தக் கிளை? வாங்க, வாங்க, சனிக்கிழமையே வாங்க" என்றார். 'நம்ம ஆள்' என்ற சொல்லை மெட்ரோவில் உட்கார்ந்து இரண்டு தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். கையில் ஒரு கிலோ காஜூ பர்ஃபி.

நல்ல மனிதர். அதைச் சொல்லிவிட வேண்டும். கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும். மனைவி மகனோடு இருக்க அமெரிக்கா போயிருந்ததால் அவரே காபி போட்டு எடுத்துவந்தார். சாப்பாட்டு மேஜை முழுக்க ஒரு சார்ட்டை விரித்து வைத்திருந்தார். ஆறு தலைமுறை. மேலிருந்து கீழே இறங்கும் கோடுகள், ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் சின்ன எழுத்தில் பெண் எடுத்த ஊர். பத்து வருஷ உழைப்பு என்றார். பேனாவைத் திறந்து கையில் வைத்துக்கொண்டு, "சொல்லுங்க. உங்களை எங்க சேக்கணும்னு பாப்போம். அப்பா பேரு?" என்றார்.

சொன்னேன். "ஊரு அதேதான?" அதேதான் என்றேன். "தாத்தா பேரு?"

தாத்தாவின் பெயரைச் சொன்னேன்.

அது ஒரு காவல் தெய்வத்தின் பெயர். எனக்கு அது வெறும் பெயர். பழைய காலத்துப் பெயர், கொஞ்சம் கரடுமுரடானது, அவ்வளவுதான். பெரியவர் பேனாவை சார்ட்டுக்கு அருகே கொண்டுபோனவர் நிறுத்தினார். மூடியைப் போட்டார். கோபமில்லை, முகமும் சுருங்கவில்லை. தப்பான பக்கத்தைத் திறந்துவிட்ட ஒருவர் புத்தகத்தை மூடுவது போலத்தான் இருந்தது.

"ஊர்ல எந்தத் தெரு?" என்று கேட்டார்.

டில்லியில் பிறந்து வளர்ந்தவனுக்கு அது விலாசம் கேட்கும் கேள்வி. தமிழ்நாட்டில் பத்து வயதுப் பிள்ளைக்குக்கூட அது எதற்கான கேள்வி என்று தெரியும். நான் உற்சாகமாக யோசித்தேன். ஒரு தடவை யமுனையில் வெள்ளம் வந்தபோது அப்பா பாலத்தில் நின்று தன் ஊரைப் பற்றி ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தார். அதை ஞாபகப்படுத்திப் பெருமையாகச் சொன்னேன். "தெரு தெரியாது சார். வாய்க்காலுக்குத் தெக்கால இருந்தோம்னு சொல்லுவாரு."

அவர் கோப்பையை என் பக்கம் நகர்த்தினார். காபியைக் குடியுங்கள், ஆறிப்போகும் என்றார். குடித்தேன். பிறகு மிகவும் மெதுவாக, எனக்கு வலிக்கக் கூடாது என்று ஒவ்வொரு சொல்லையும் பார்த்துப் பார்த்து எடுத்து வைத்துச் சொன்னார்.

"எங்க பண்ணையில நெறைய குடும்பம் இருந்தாங்க. தலைமுறை தலைமுறையா எங்க நிலத்துலதான் வேலை. ஊர்ல பல பண்ணை இல்லையா? சந்தையிலயோ வெளியூர்லயோ யாராச்சும் நீ யாருன்னு கேட்டா, தன் பேரை மட்டும் சொன்னா பத்தாது. எந்தப் பண்ணை ஆளுன்னு சேத்துச் சொல்லணும். எங்க ஆளுங்க எங்க வீட்டுப் பேரைச் சொல்லுவாங்க. உங்க அப்பாவும் அப்படிச் சொல்லியிருப்பார். பழக்கம். அவர் மேல தப்பில்லை."

 பாபுவின் மேஜை, பின்னால் நின்ற மதுரைக்காரர், "பேரோட என்ன சேத்துச் சொல்லுவாங்க" என்ற கேள்வி எல்லாம் ஒரே நொடியில் வரிசையாக வந்து நின்றன. அப்பா பொய் சொல்லவில்லை. திருடவும் இல்லை. பிறந்ததிலிருந்து அவரிடம் கேட்கப்பட்ட ஒரு கேள்விக்குப் பிறந்ததிலிருந்து சொன்ன பதிலைச் சொல்லியிருக்கிறார். நான் யாருக்குச் சொந்தம் என்பதுதான் அந்தப் பதில். அதை பாபு சர்க்கார் காகிதத்தில் ஏற்றினார். அந்தப் பெயருக்காகத்தான் நான் மாஸ்டர்ஜியிடமும், பேங்க் மேனேஜரிடமும், பாஸ்போர்ட் கவுன்ட்டரிலும் நின்று, இல்லை சார், இப்படி இல்லை, ழ வரும், சரியாக எழுதுங்கள் என்று நாற்பது வருஷம் சண்டை போட்டிருக்கிறேன்.

"நான் மாத்திக்கறேன் சார்" என்றேன். எதற்கு அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. குரல் என் குரலாக இல்லை. ஆபீசர் அறையில் நிற்கும் அப்பாவின் குரல்.

"சேச்சே, எதுக்கு?" என்றார் அவர். "இவ்வளவு வருஷம் வெச்சிருந்துட்டீங்க. நீங்களே வெச்சுக்குங்க. நான் ஒண்ணும் ஆட்சேபிக்கப் போறதில்லை. இந்தக் காலத்துல யாரு இதெல்லாம் பாக்கறா?"

யார் பார்க்கிறார்கள் என்று கேட்ட மனிதர்தான் இரண்டு நிமிஷத்துக்கு முன் பேனாவை மூடினார். அதைச் சொல்லியிருக்க வேண்டும்.  அவர் விடாமல் உபகாரம் செய்தார். சம்பந்தி வீட்டு விஷயத்தை நான் ஃபோனிலேயே உளறி வைத்திருந்தேன். சொந்தக்காரர்களுக்குக் கொடுப்பதற்காக எடுத்து வைத்திருந்த சார்ட் நகல்களில் ஒன்றை மடித்து என் கையில் வைத்தார். "உங்க பொண்ணுக்கு உபயோகப்படும்னா காமிச்சுக்கட்டும். பஞ்சாபிக்காரங்களுக்கு என்ன தெரியப் போவுது?" வாசல் வரை வந்து லிஃப்ட் பொத்தானையும் அவரே அழுத்தினார். காஜூ பர்ஃபி மேஜை மேல் பிரிக்காமல் இருந்தது.

பண்ணையில் பழைய வேட்டி கொடுப்பார்கள், பழைய சோறு கொடுப்பார்கள் என்று படித்திருக்கிறேன். எனக்குப் பெயர் கொடுத்தார். அதை வாங்கிக்கொண்டு தாங்க்ஸ் சார் என்று வேறு சொல்லிவிட்டு வந்தேன்.

மெட்ரோவில் அவர் மேல்தான் முதலில் எரிச்சல் வந்தது. அப்புறம் அப்பா மேல். ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? நான் ஜமீன் பெருமை பேசிக்கொண்டு ஊரெல்லாம் திரிந்தபோது, இஸ்திரிப் பெட்டியை ஓரமாக வைத்துவிட்டு, டேய், உட்காரு, நாம யாருன்னு சொல்றேன் என்று சொல்லியிருக்கக் கூடாதா? 'இந்தியன்னு எழுது' என்றதை நான் கொள்கை என்று நினைத்தேன். அது பயம். ஊர்க்காரர் யாராவது தன்னை அடையாளம் கண்டு, நீ எந்தப் பண்ணை ஆள் என்று கேட்டுவிடுவாரோ என்ற பயத்திலேயே அவர் அமைச்சகத்துத் தாழ்வாரங்களில் முப்பத்தைந்து வருஷம் ஃபைல் சுமந்திருக்கிறார். பிள்ளைக்கு அந்தப் பயம் வேண்டாம் என்று நினைத்தாரோ என்னவோ. நான் அந்த சந்தோஷத்தில் இருந்தபோது அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று நான் கேட்டதே இல்லை. ஸ்டேஷன் தாண்டிப் போய், திரும்பி வந்தேன்.

மகளிடம் சொல்லாமல் இருக்கத்தான் முதலில் முடிவு செய்தேன். பிறகு, அப்பா செய்ததையே நானும் செய்யக் கூடாது என்று தோன்றியது. அவள் படித்தவள். குர்கானில் ஒரு பெரிய கம்பெனியில் மனிதவளத் துறையில் இருக்கிறாள். வேலைக்குச் சேர்பவர்களிடம் எந்தப் பாகுபாடும் பார்க்கக் கூடாது என்று மற்றவர்களுக்குப் பயிற்சி கொடுப்பதே அவள் வேலை. அவளுக்குப் புரியும், எனக்கு ஆறுதலாக நாலு வார்த்தை சொல்வாள் என்று உள்ளுக்குள் ஆசையாகவும் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை தனியாக வரச் சொல்லி எல்லாவற்றையும் சொன்னேன். ஒன்றையும் விடவில்லை, தாத்தாவின் பெயர், வாய்க்கால், பேனா மூடி எல்லாம்.

அவள் வயிற்றில் கை வைத்துக்கொண்டு கேட்டாள். இடையில் கண் கலங்கினாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள். "பாவம்ப்பா தாத்தா" என்றாள். பிறகு, "அங்க சொல்லிட்டீங்களா? மம்மிஜிகிட்ட?" என்று கேட்டாள்.

"இல்ல."

மூச்சை விட்டாள். "சொல்லாதீங்க. அவர்கிட்டயும் சொல்லாதீங்க." அவர் என்றது மாப்பிள்ளையை. "எனக்கு இதுல ஒண்ணும் இல்லப்பா, ட்ரஸ்ட் மீ. ஐ ஆம் ப்ரௌட் ஆஃப் தாத்தா. ஆனா நான் அந்த வீட்ல இருக்கணும். என் பேபி அங்க வளரணும். அவங்க சமையல்கார அம்மாவுக்குத் தனித் தட்டு வெச்சிருக்காங்க, தெரியுமா உங்களுக்கு?"

எனக்குத் தெரியாது. கல்யாணமாகி மூன்று வருஷத்தில் அவள் இதை என்னிடம் சொன்னதில்லை. அவள் அதைப் பற்றி அங்கே ஏதாவது பேசியிருக்கிறாளா என்று கேட்க நினைத்தேன். முனிர்காவில் நான் பேசிய லட்சணம் ஞாபகம் வந்து வாயை மூடிக்கொண்டேன்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சார்ட்டைக் கேட்டாள். எடுத்து மேஜையில் விரித்தேன். அவளுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. கோடுகளைத்தான் விரலால் தடவிக்கொண்டு போனாள். நாலாவது வரிசையில், ஓரத்தில் ஒரு பெயருக்குக் கீழே கோடு எதுவும் இறங்காமல் இருந்தது. அங்கே விரலை நிறுத்தினாள்.

"இவருக்குக் கீழ காலியா இருக்கே. ப்ராக்கெட்ல என்ன எழுதியிருக்கு?"

"சந்ததி இல்லைன்னு."

"அதை வைட்னர் போட்டு அழிச்சிடலாம். இங்கேருந்து ஒரு கோடு, தாத்தா. அவருக்குக் கீழ நீங்க. அப்புறம் நான். அவ்ளோதான்ப்பா." அவள் குரலில் கள்ளத்தனமே இல்லை. ஆபீசில் ஒரு ஸ்லைடைச் சரி செய்வது போலப் பேசினாள். "உங்க ஹேண்ட்ரைட்டிங்தான் நீட்டா இருக்கும். ஃப்ரேம் போட்டு அவங்க ஹால்ல மாட்டிடறேன்."

கோபம் வந்தது. மேஜையைத் தட்டிவிட்டு எழுந்திருக்க வேண்டும் போல இருந்தது. ஆனால் யார் மேல் கோபப்படுவது? அவளுக்குச் சோற்றோடு சேர்த்து ஜமீனை ஊட்டியவன் நான். ஏழு மாத வயிற்றோடு எதிரே உட்கார்ந்து, பிறக்கப் போகிற குழந்தைக்கு ஒரு மரியாதையான இடம் கேட்கிறாள். அது கிடைக்க வேறு வழி என்னிடம் இருந்ததா என்று யோசித்துப் பார்த்தேன். இருந்தது. உண்மையைச் சொல்லி, இஷ்டமிருந்தால் எடுத்துக்கொள், இல்லாவிட்டால் விடு என்று சம்பந்தியம்மாவிடம் நிமிர்ந்து பேசலாம். அதற்கான துணிவு அவளிடம் இல்லை. என்னிடமும் இல்லை. ஸ்கேல் எங்கே என்று எழுந்து போய்த் தேடினேன்.

வைட்னர் காய்ந்த பிறகு கோடு இழுத்தேன். அப்பாவின் பெயரை எழுதினேன். இப்போது அப்பா, வாரிசில்லாமல் போன ஒரு பண்ணைக்காரரின் மகன். உண்மையான தாத்தாவின் பெயரை எங்கும் எழுதவில்லை. எங்கள் குடும்பத்துக்கென்று இருந்த சொந்தப் பெயர் அது ஒன்றுதான். யாருடைய பண்ணையோடும் ஒட்டாமல், ஒரு மனிதனுக்கு அவன் அம்மாவோ அப்பாவோ ஆசையாக வைத்த பெயர்.

அப்போதுதான் ஒன்று தோன்றியது. வாரிசில்லாதவரின் பெயரையும் வைட்னரால் அழித்துவிட்டு, அந்த இடத்தில் தாத்தாவின் பெயரையே எழுதிவிடலாம். மகளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. சம்பந்தியம்மாவுக்குத் தெரியாது. அந்தச் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் என் தாத்தா உட்கார்ந்திருப்பது எனக்கு மட்டும் தெரியும். யாரும் ஒன்றும் சொல்லியிருக்க முடியாது. பேனாவை அந்த இடத்துக்குக் கொண்டுபோனேன். மேலும் கீழும் இருந்த பெயர்களைப் பார்த்தேன், எல்லாம் நீளமான, கம்பீரமான பெயர்கள். அவற்றுக்கு நடுவில் தாத்தாவின் பெயரை மனத்துக்குள் வைத்துப் பார்த்தேன். நன்றாக இல்லை. அந்த இடத்துக்கு அது பொருந்தவில்லை என்று, யாரும் சொல்லிக் கொடுக்காமல், எனக்கே தோன்றியது. பேனாவை மூடிவிட்டேன்.